2006: ஸ்வீடன், நார்வே, டென்மார்க். ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள்

கேசட்பெட்டி:
போன வாரம் பரணை ஒழித்தபோது ஐம்பது சிடி பிடிக்கிற கறுப்பு ஜிப் பை ஒன்று கிடைத்தது. பாதிக்கு மேல் நானே ரைட் பண்ணியவை, மேலே மார்க்கரில் கோழிக்கிறுக்கல். வரிசையாக ஏழு சிடியில் "06 ஸ்வீ", "06 நார்", "06 டென்" என்று எழுதியிருந்தது. அந்த வருஷம் விடுதி அறையில் வேறு எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று சிடி இன்னும் ஓடுகிறது, மற்றதெல்லாம் பூஞ்சை.

அதனால் இந்த இழை. 2006இல் வந்த ஸ்காண்டிநேவிய இண்டி (பெரிய கம்பெனிகளைச் சாராத சுயாதீன இசை), ராக் ஆல்பங்களில் உங்களுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பட்டியல் வேண்டாம், இங்கே பட்டியல் போட்டே செத்துப்போன இழைகள் நிறைய. ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். "செம" என்பது காரணம் ஆகாது.

என்னுடையது: த ரேடியோ டிபார்ட்மென்ட், "பெட் கிரீஃப்". ஸ்வீடனின் தெற்கு மூலையில் லுண்ட் என்கிற பல்கலைக்கழக ஊர்க்காரர்கள். பழைய பெட்ரோல் பங்க் ஒன்று ரேடியோ ரிப்பேர் கடையாக மாறியிருந்தது, அதன் பெயரைத்தான் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். 2003இல் வந்த "லெஸ்ஸர் மேட்டர்ஸ்" ஆல்பத்தில் கிட்டார் இரைச்சல் அதிகம். இதில் இரைச்சலைக் குறைத்துவிட்டு சிந்தசைசரைக் கொண்டுவந்தார்கள். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு இதுதான் பிடித்தது. யோஹான் டன்கன்சன் பாடுவது பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக வருகிற மாதிரி இருக்கும். வரிகள் பாதி கேட்கும், பாதி கேட்காது. ஆனால் அவன் யார் மேலோ வருத்தத்தில் இருக்கிறான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இரும்புக்காது:
வந்துட்டேன். கட்டோனியா, "த கிரேட் கோல்ட் டிஸ்டன்ஸ்". ஸ்டாக்ஹோம். 2006. ராக் என்று போட்டிருக்கிறீர்கள், இது ராக்தான், கனமான ராக். முன்னொரு காலத்தில் உறுமிக்கொண்டிருந்த குழு, இதில் யோனாஸ் ரென்க்செ சத்தமே போடாமல் பாடுகிறார். கிட்டார் சுவர் மாதிரி வந்து நிற்கும்போதுகூடக் குரல் ஒரு படி ஏறாது. அதுதான் பயமாக இருக்கும்.

அதே வருஷம் என்ஸ்லேவ்ட் "ரூன்", இன் ஃப்ளேம்ஸ் "கம் கிளாரிட்டி", சட்டிரிகன் "நவ், டயபாலிக்கல்". இதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்வீடிஷ் பையன்கள் காதல் தோல்வியில் முனகுவதை மட்டும் ஸ்காண்டிநேவியா என்று சொல்லாதீர்கள் தலைவரே.

கேசட்பெட்டி:
ஒன்று என்றேன், நாலு போட்டுவிட்டார். கட்டோனியாவை எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றும் செல்லாது.

மல்லி:
யாரும் சொல்லவில்லையா? சரி, நானே சொல்கிறேன். த நைஃப், "சைலன்ட் ஷௌட்". அந்த வருஷம் என்று இல்லை, அந்தப் பத்தாண்டுக்கே இதுதான் என் ஆல்பம்.

காரின் டிரையெர், ஓலோஃப் டிரையெர். அக்கா தம்பி. சொந்த லேபிள், அதாவது ஆல்பத்தை வெளியிடுகிற கம்பெனியும் அவர்களுடையதே. பிட்ச்ஃபோர்க் என்கிற அமெரிக்க இசை விமர்சனத் தளம் இதை 2006இன் முதல் ஆல்பமாக வைத்தது, அதை விடுங்கள். நான் ஒலிக்கலவை வேலை பார்க்கிறேன், அதனால் காதால் சொல்கிறேன். தலைப்புப் பாட்டை நல்ல ஹெட்போனில் போடுங்கள். முதலில் கிக் டிரம் மட்டும். அதற்குக் கீழே, தரைக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு சுருள் மெட்டு மெல்ல ஏறும். எப்போது நெஞ்சுக்கு வந்தது என்று சொல்ல முடியாது. அப்புறம் குரல். காரின் தன் குரலின் சுருதியைக் கருவியால் இறக்கியும் ஏற்றியும் தன்னோடு தானே சேர்ந்து பாடுகிறார். ஒரு கிழவர், ஒரு சிறுமி, நடுவில் ஒரு பெண். மூன்றும் ஒரே ஆள். இன்று போனில்கூட இந்த வேலை செய்ய ஆப் இருக்கிறது. ஆனால் எல்லாரும் குரலை அழகாக்கத்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். இவர் தன்னை மறைத்துக்கொள்ளப் பயன்படுத்தினார். மேடையில் முகமூடி, பாட்டில் குரலுக்கும் முகமூடி.

இரும்புக்காது:
இதில் கிட்டார் எங்கே இருக்கிறது அக்கா? இது டான்ஸ் மியூசிக். இழையின் தலைப்பில் இல்லாத பண்டம்.

மல்லி:
கிட்டார் இருந்தால்தான் ராக் என்றால் கல்யாண வீட்டு லைட் மியூசிக் குழுவும் ராக்தான் தம்பி. இழையில் "இண்டி" என்றும் இருக்கிறது. சொந்த லேபிள், சொந்தச் செலவு, பேட்டியில் முகம் காட்டமாட்டார்கள். இதைவிட இண்டி என்ன வேண்டும்? இதற்கு முந்தைய ஆல்பத்துக்கு ஸ்வீடனின் கிராமிஸ் விருது கிடைத்தபோது இருவரும் போகவில்லை. இசைத்துறையில் ஆண்களே நிரம்பியிருப்பதை எதிர்த்து, கொரில்லா வேஷத்தில் இரண்டு பேரை மேடைக்கு அனுப்பினார்கள். (கிராமிஸ் வேறு, அமெரிக்க கிராமி வேறு. யாரும் குழம்ப வேண்டாம்.) "சைலன்ட் ஷௌட்"டுக்கு 2007இல் ஆறு பிரிவில் பரிந்துரை, ஆறும் வந்தது.

கேசட்பெட்டி:
இண்டி என்ற கதவு வழியாக உள்ளே விடுகிறேன். இரும்புக்காது, சமாதானமாகப் போங்கள்.

நள்ளிரவுச்சூரியன்:
வணக்கம். ஒஸ்லோவிலிருந்து எழுதுகிறேன். வந்து முப்பது வருசம் ஆகுது, பள்ளிக்கூடம் முழுக்க இங்கேதான். உங்கட கதையை வாசிக்க ஒரே சந்தோசம், ஆனால் நார்வேயை ஒருத்தரும் தொடவில்லை. என்ஸ்லேவ்டும் சட்டிரிகனும் வந்தன, கேசட் அண்ணை வெட்டிப் போட்டார்.

என்ர தெரிவு: சுசன்னா அண்ட் த மேஜிக்கல் ஆர்கெஸ்ட்ரா, "மெலடி மவுண்டன்". பெயரைப் பார்த்து நூறு பேர் என்று நினைக்க வேண்டாம். சுசன்னா வல்லும்ரோட் பாடுறா, மோர்டன் க்வெனில்ட் கீபோர்ட் வாசிக்கிறார். அவ்வளவுதான் ஆர்கெஸ்ட்ரா. முழுக்க மற்றவர்களின் பாட்டு. ஏசி/டிசி, கிஸ், ஜாய் டிவிஷன், டெபெஷ் மோட், லெனார்ட் கோஹன். எல்லாத்தையும் பிடித்து, வேகத்தை முக்கால்வாசி பிடுங்கி, ஒரு அறைக்குள் விட்டிருக்கினம். ஏசி/டிசியின் "இட்ஸ் எ லாங் வே டு த டாப்" அசலில் பேக்பைப் எல்லாம் வைத்து ஊர்வலம் மாதிரிப் போகும். இங்கே அது ஒருத்தி இரவில் தனியாகச் சொல்லிக்கொள்கிற கணக்கு. கச்சேரி முடிஞ்சது, காசு வரவில்லை, அடுத்த ஊர் தூரம்.

இதை நான் வாங்கவில்லை. ஃபூருசெட் நூலகத்தில் இரவல் எடுத்தேன். இங்கே அரசின் கலை மன்றம் நல்ல நார்வேஜியன் இறுவட்டுகளை வாங்கி நாட்டின் நூலகங்களுக்கு அனுப்புற திட்டம் ஒன்று வைத்திருந்தது. விற்காத இசை செய்கிறவனுக்கு அது பெரிய உதவி. எனக்கும் உதவி, அப்போது கையில் காசில்லை.

புதுசு:
நான் இந்தப் பக்கம் புதுசு. 2006இல் எனக்கு நாலு வயசு. விசில் அடிக்கிற ஒரு பாட்டு இருக்குமே, ரீல்ஸில் எப்போதும் வரும், அது ஸ்வீடனா?

கேசட்பெட்டி:
வாங்க வாங்க. ஆமாம், ஸ்வீடன்தான். பீட்டர் பியோர்ன் அண்ட் ஜான், "யங் ஃபோக்ஸ்". ஆல்பம் "ரைட்டர்ஸ் பிளாக்", அதுவும் 2006. எழுத வராமல் தவிப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் சொன்னது ஸ்டாக்ஹோமின் ஹோர்ன்ஸ்டுல் பகுதியை; எழுதுகிறவர்களும் கலைஞர்களும் நிறைய இருக்கிற வட்டாரம்.

அந்த விசில் முதலில் சும்மா இடம் பிடித்து வைக்கத்தான். அந்த இடத்தில் வேறு ஒரு வாத்தியம் வரட்டும், இப்போதைக்கு விசில் அடித்து வைப்போம் என்று பதிவு செய்தது. அப்புறம் எடுக்க மனம் வரவில்லை. பெண் குரல் விக்டோரியா பெர்க்ஸ்மன், அதுவரை த கான்கிரீட்ஸ் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். அந்த வருஷமே அந்தக் குழுவை விட்டு விலகினார்.

நடுவில் இருக்கிற பியோர்ன்தான் ஆல்பத்தின் தயாரிப்பாளர். முழுப்பெயர் பியோர்ன் இட்லிங். சிரிக்காதீர்கள்.

இரும்புக்காது:
மாவு புளித்துவிட்டது போல. அதான் பொங்கிப் பொங்கி எல்லா விளம்பரத்திலும் வந்தது.

மல்லி:
சிரித்துவிட்டேன். ஆனால் இட்லிங்கின் டிரம்ஸ் சத்தத்தைக் கவனியுங்கள். எதிரொலியே இல்லை. துணி போட்டு மூடிய மாதிரி காய்ந்த சத்தம். அதே காது 2007இல் ஷௌட் அவுட் லௌட்ஸ் ஆல்பத்திலும் 2008இல் லிக்கெ லி முதல் ஆல்பத்திலும் வேலை செய்தது. விசிலை மறந்துவிட்டு மற்றப் பாட்டுகளைக் கேட்டால் "ரைட்டர்ஸ் பிளாக்" இன்னும் பெரிய ஆல்பம்.

கேசட்பெட்டி:
நான் வெகுநாளாக யோசிக்கிற ஒன்று உண்டு, இங்கே கேட்டுவிடுகிறேன். இவர்கள் எல்லாரும் ஏன் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள்? உலகச் சந்தைக்காக என்று சொல்வது எளிது. ஆனால் "யங் ஃபோக்ஸ்" வரிகளைப் பாருங்கள். சின்னச் சின்ன வாக்கியம். இரண்டு பேர் சந்திக்கிறார்கள், பேசுகிறார்கள், மற்றவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்கிறார்கள். அவ்வளவுதான். லண்டன்காரன் எழுதியிருந்தால் நாலு சிலேடை, ரெண்டு தெருப்பெயர் போட்டிருப்பான். பள்ளிக்கூடத்தில் கற்ற மொழியில் எழுதுகிறவனுக்கு அலங்காரம் வராது. அதனாலேயே நேரடியாக இருக்கிறது. நாமும் பள்ளி ஆங்கிலக்காரர்கள்தானே, எனக்கு அந்த ஆங்கிலம் ஒட்டுகிறது. அமெரிக்கக் குழுக்களின் ஆங்கிலத்துக்கு அகராதி தேவைப்பட்டது.

நள்ளிரவுச்சூரியன்:
பள்ளிக்கூட ஆங்கிலம் மட்டும் இல்லை அண்ணை. இங்கே தொலைக்காட்சியில் ஆங்கிலப் படம், தொடர் எதையும் டப் செய்யமாட்டினம். கீழே எழுத்து ஓடும், அவ்வளவுதான். சின்னப்பிள்ளைகளின் கார்ட்டூனுக்கு மட்டும் உள்ளூர்க் குரல். அதனால் பத்து வயசிலேயே காதில் ஆங்கிலம் ஏறிவிடும். நான் நார்வேஜியன் வாசிக்கப் பழகினதே அந்த எழுத்தைப் பார்த்துத்தான். ஒரே நேரத்தில் இரண்டு மொழி.

ஆனால் சொந்த மொழியில் பாடுறவையும் இருக்கினம். ஸ்வீடனில் கென்ட் என்று ஒரு பெரிய குழு. இரண்டு ஆல்பத்தை ஆங்கிலத்திலும் பாடி வெளியிட்டுப் பார்த்தவை. வெளிநாட்டில் எடுபடவில்லை. திரும்பி ஸ்வீடிஷுக்கே வந்து அரங்கம் அரங்கமாக நிரப்பினவை.

மல்லி:
அப்படியென்றால் டென்மார்க்கைச் சொல்லியாக வேண்டும். உனர் பியூன், "சம்மெ ஸ்டோஃப் சொம் ஸ்டோஃப்". ஆர்ஹூஸ் நகரத்துக் குழு. 2006தான். முழுக்க டேனிஷ். (ஒன்று என்று விதி. நான் "சைலன்ட் ஷௌட்"டை விடமாட்டேன், இது சாட்சிக்காக மட்டும்.)

முன்னால் நிற்பது வயலின், செல்லோ, பியானோ, அப்புறம் ரம்பம். தச்சர் ரம்பம்தான். முட்டியில் இடுக்கி, வளைத்து, வயலின் வில்லால் தேய்த்தால் யாரோ தூரத்தில் அழுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு நடுவே ஹென்ரியட்டெ சென்னென்வால்ட் காதுக்குள் ரகசியம் சொல்வது போலப் பாடுகிறார். ஒரு வார்த்தை புரியவில்லை. பதினெட்டு வருஷமாகக் கேட்கிறேன், புரிந்துகொள்ள ஒரு முறைகூட மொழிபெயர்ப்பைத் தேடவில்லை. தேடவும் மாட்டேன்.

நள்ளிரவுச்சூரியன்:
அக்கா, மன்னிக்கவேணும், தலைப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். "ஸ்டோஃப்" என்றால் துணி. பொருள், பண்டம் என்றும் வரும். போதைப்பொருளுக்கும் அதுதான் சொல். "துணியைப் போன்ற அதே துணி" என்றும் சொல்லலாம், "பொருள் எதனால் ஆனதோ அதனாலேயே ஆனது" என்றும் சொல்லலாம். நார்வேஜியனிலும் கிட்டத்தட்ட இதே சொல் என்றபடியால் விளங்குது. டேனிஷ்காரர் கதைப்பதைக் கேட்டால் எங்களுக்கே பாதிதான் விளங்கும், வாசித்தால் முழுக்க விளங்கும். குழுவின் பெயருக்கு "நகரத்துக்கு அடியில்" என்று அர்த்தம்.

மல்லி:
கெடுத்துவிட்டீர்கள். நன்றி.

இரும்புக்காது:
நான் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த டேனிஷ் ஆல்பத்தை இப்போது போட்டேன். நள்ளிரவில் போட்டிருக்கக் கூடாது.

கேசட்பெட்டி:
டென்மார்க் என்றதும் மியூ என்கிற குழு ஞாபகம். "அண்ட் த கிளாஸ் ஹேண்டட் கைட்ஸ்". பாட்டுக்குப் பாட்டு இடைவெளியே இல்லாமல் ஒரே நூலாகப் போகும். அமெரிக்காவின் ஜே மாஸ்கிஸ் வந்து பாடியிருப்பார். அமெரிக்காவில் 2006இல்தான் வந்தது என்றாலும் டென்மார்க்கில் 2005. என் விதியே என்னை அடிக்கிறது. செல்லாது.

சினிமாக்காரன்:
ரேடியோ டிபார்ட்மென்ட் பற்றி யாரும் இதைச் சொல்லவில்லையே. அதே 2006இல் சோஃபியா கப்போலாவின் "மரி அன்டுவானெட்" படத்தில் இவர்களின் மூன்று பாட்டு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு அரண்மனை, பின்னால் லுண்ட் பையன்களின் கிட்டார் இரைச்சல். நான் அந்தப் படத்தில்தான் இவர்களைப் பிடித்தேன். ஆனால் அந்த மூன்றும் பழைய பாட்டுகள், "பெட் கிரீஃப்" பாட்டுகள் இல்லை. படம் பார்த்துவிட்டுப் போய் இதை வாங்கியவர்கள் கொஞ்சம் ஏமாந்திருப்பார்கள். நான் ஏமாந்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது சரியாகிவிட்டது.

என் ஓட்டு ஐம் ஃப்ரம் பார்சலோனா, "லெட் மி இன்ட்ரொட்யூஸ் மை ஃப்ரெண்ட்ஸ்". பார்சலோனாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஸ்வீடனின் யென்ஷோப்பிங். இமானுவேல் லுண்ட்கிரென் என்பவர் விடுமுறையில் சில பாட்டு எழுதி, நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாடவைத்தார். வந்தவர்கள் போகவில்லை, மொத்தம் 29 பேர். தபால்தலை சேகரிப்பது பற்றி ஒரு பாட்டு, மரவீடு பற்றி ஒரு பாட்டு, சின்னம்மை பற்றி ஒரு பாட்டு. மார்கழி பஜனைக்கு வருகிற கூட்டம் மாதிரி, சுருதி தெரிந்தவனும் தெரியாதவனும் சேர்ந்து கத்துவார்கள். விமர்சகர்கள் சிலர் இனிப்பு அதிகம் என்றார்கள். அதிகம்தான். லட்டு என்றால் இனிக்கத்தான் செய்யும்.

இரும்புக்காது:
29 பேர் சம்பளம் எப்படிப் பிரிப்பார்கள்?

நள்ளிரவுச்சூரியன்:
சம்பளம் தெரியாது, வாசிச்சுப் பழகுற இடம் எப்படிக் கிடைக்குது என்று சொல்லலாம். ஸ்வீடனில் "ஸ்டூடியஃபோர்புண்ட்" என்று வயது வந்தோர் கல்விச் சங்கங்கள் இருக்கு. நீங்கள் ஒரு ராக் குழு தொடங்கினால் அதை "படிப்பு வட்டம்" என்று பதிவு செய்யலாம். ஒவ்வொரு பழகலுக்கும் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதவேணும். டிரம்மர் வந்தாரா, பேஸ் வாசிப்பவர் வந்தாரா, எத்தனை மணிநேரம். அந்தத் தாளைக் காட்டி அறையும் உதவியும் வாங்கலாம். அதோடு ஊருக்கு ஊர் நகராட்சி இசைப்பள்ளி, குறைஞ்ச கட்டணம். ஸ்வீடனில் ஏன் இவ்வளவு குழு என்று கேட்டால், குளிர் என்று சொல்லுவினம். குளிர் பின்லாந்திலும் இருக்கு, சைபீரியாவிலும் இருக்கு. எனக்கு அந்த வருகைப் பதிவேட்டில்தான் நம்பிக்கை.

கேசட்பெட்டி:
வருகைப் பதிவேட்டில் பிராக்ஸி போட்டிருப்பார்களா?

நள்ளிரவுச்சூரியன்:
மனிசர்தானே அண்ணை.

இன்னொரு நார்வே. மோட்டார்சைக்கோ, "பிளாக் ஹோல்/பிளாங்க் கேன்வாஸ்". ட்ரோண்ட்ஹைம். டிரம்மர் கெப்ஹார்ட் 2005இல் விலகினபிறகு மிச்சம் இரண்டு பேர். குழுவைக் கலைக்கவில்லை, ஆளையும் தேடவில்லை. பென்ட் சேத்தரும் ஸ்னா என்கிற ரியானும் எல்லாத்தையும் தாங்களே வாசித்து, இரட்டை ஆல்பமாகப் போட்டினம். நீளம் அதிகம், இரண்டாவது வட்டில் கொஞ்சம் இழுக்கும். ஆனால் அந்தப் பிடிவாதம் பிடிக்கும். இவர்களை ஒஸ்லோவின் ரொக்கஃபெல்லர் அரங்கில் பார்த்திருக்கிறேன். அது முந்தி நகரத்தின் குளிப்பு மண்டபமாக இருந்த கட்டடம். இரண்டு மணிநேரத்துக்கு மேல் வாசிச்சினம், நடுவில் ஒரு பாட்டே இருபது நிமிசம். பக்கத்தில் நின்ற வெள்ளைத்தாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நித்திரையோ என்று நினைச்சேன், தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இரும்புக்காது:
இதுதான் ராக். என் ஓட்டில் பாதியை இதற்கு மாற்றலாமா?

கேசட்பெட்டி:
பாதி ஓட்டு கிடையாது.

ஒரு பழைய வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், "பெட் கிரீஃப்" அசல் சிடியை ஸ்வீடனிலிருந்து வரவழைத்தேன். ஆறு வாரம். கூரியர் ஆள் கேட்டுக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பெட்டி நாலாக உடைந்து, வட்டின் வெளி ஓரத்திலிருந்து உள்ளே கொஞ்ச தூரம் ஒரு விரிசல். கடைசி இரண்டு பாட்டு ஓடாது. இன்றும் அந்த ஆல்பம் என் தலைக்குள் இரண்டு பாட்டு முன்னாலேயே முடிந்துவிடும். போனில் முழுசாகக் கேட்டால் யாரோ கூடுதலாகச் சேர்த்த மாதிரி இருக்கிறது.

புதுசு:
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். "சைலன்ட் ஷௌட்" கேட்டேன், பயந்தேன், பிடித்தது. அப்புறம் நள்ளிரவு அண்ணன் சொன்ன "மெலடி மவுண்டன்" ஏசி/டிசி பாட்டை ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்து அறையிலிருந்து அப்பா எழுந்து வந்து, மெதுவான குரலில், "யாருப்பா போயிட்டாங்க?" என்று கேட்டார்.

நள்ளிரவுச்சூரியன்:
அப்பாவுக்கு நல்ல காது. அவருக்கு அசலையும் போட்டுக் காட்டுங்கோ.

புதுசு:
காட்டினேன். "இதுக்கு அதுவே தேவலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.